எதிர்த்திசையில் ஓடிய படை

அடிக்க வருகிறவனைத் திருப்பி அடிக்கலாமா என்று எங்கள் வீட்டில் யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் சோறு ஆறிப்போகும். நான் அடிக்கலாம் என்கிற கட்சி. அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஓடிவிடலாம் என்கிற கட்சி. யார் ஜெயித்தாலும் தட்டு கழுவப்போவது தான்தான் என்பது அம்மாவின் கட்சி. என் அண்ணன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். மோர்ச்சோற்றை மளமளவென்று முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவான். அவன்தான் ஒருநாள் எங்கள் ஊரில் ஒரு படையையே திரட்டினவன் என்று சொன்னால் அவன் மனைவிகூட நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலார் தங்கவயல் பஜாரில் எங்களுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. நைனா விலை பேசுவார், நான் பெயர் வெட்டுவேன். பேனா போல ஒரு கரண்ட் மிஷின் உண்டு. அதைப் பிடித்தால் கை நடுங்கும், ஆனால் எழுத்து நடுங்கக் கூடாது. தமிழில் வெட்டுவேன், கன்னடத்தில் வெட்டுவேன், தெலுங்கும் கேட்டால் தருவேன். ஒரே கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் தமிழிலும் மாப்பிள்ளை வீட்டார் கன்னடத்திலும் கேட்பார்கள். எல்லாச் சொம்பும் ஒரே மூட்டையில்தான் போகும். போகிற வழியில் சொம்புகள் சண்டை போட்டுக்கொண்டதாக எந்த வீட்டாரும் திரும்பிவந்து புகார் சொன்னதில்லை.

சண்டையெல்லாம் மனிதர்களுக்குத்தான். அந்த மார்கழியில் ஆற்றுத் தண்ணீர்த் தகராறு முற்றி, வெளியூர்களில் தமிழர் கடைகளை உடைத்ததாகவும் கொளுத்தியதாகவும் தினம் ஒரு சேதி வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் எங்கள் கடையில் ஒரே ஒரு குடம் வாங்கிற்று. பெயர் வெட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அந்த அம்மா தலையை ஆட்டினாள். தன் குடத்தில் தன் பெயரைப் போட ஒருத்தி பயப்பட வேண்டும் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

எங்கள் பக்கமும் சும்மா இல்லை. எல்லைக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். மைதானத்தில் மைக் கட்டி, ஒரு அடி விழுந்தால் இரண்டு அடி கொடு என்று தொண்டை கிழியப் பேசினார். முதல் வரிசையில் நின்று கைதட்டியவள் நான். என் பக்கத்தில் நின்ற அண்ணன் கைதட்டக்கூட மறந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சாளர் சால்வையை வாங்கிக்கொண்டு அன்றைய ரயிலிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் டிப்ளமா படித்தவன். ஊரின் பெரிய இன்ஜினியரிங் ஃபேக்டரியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பொங்கல் கழிந்து சேர வேண்டும். அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, இவன் மேல் கேஸ் கீஸ் உண்டா என்று விசாரித்து எழுதிப் போவார். ஒரு கேஸ் விழுந்தாலும் வேலை அம்போ. இதை நைனா காலையில் ஒருமுறை, கடை சாத்தும்போது ஒருமுறை சொல்லிவிடுவார். வேலையைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை அம்மாவிடம்தான் சொன்னார்: "அடி வாங்கினு வந்தான்னா மருந்து போட்லாம். அட்ச்சிட்டு வந்தான்னா இன்னா போட்றது?"

எனக்குக் கேட்டது. நைனா தன் கோழைத்தனத்துக்கு இப்படி அழகாக ஒரு சட்டை போட்டுவிட்டாரே என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் அந்த வாரம்தான் துண்டு நோட்டீஸ் வந்தது. வருகிற வியாழக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் லாரியில் வரும். பஜாரில் தமிழில் எழுதின பலகை எல்லாவற்றுக்கும் தார் பூசும். தடுத்தால் நடக்கிறதே வேறு. நைனா நோட்டீஸை இரண்டு முறை படித்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். தன் கையாலேயே எங்கள் கடைப் பலகையைக் கழற்றி, கல்யாண அண்டாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.

"இன்னா நைனா இது? வர்றதுக்கு முன்னாடியே சரண்டரா?"

"பலகைதானே. ஆளு போனா மாட்டிக்கலாம்."

"இன்னிக்குப் பலகை. நாளைக்கு நம்மளையே கழட்டி அண்டா பின்னால வெச்சிருவீங்களா?"

அவர் சாக்கு நன்றாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "நீ இன்னா பண்ணப் போற? அண்டாவுல எடம் கீதான்னு பாக்கறியா?"

அவ்வளவுதான். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஒரே வாரத்தில் அண்ணன் தளபதி ஆகிவிட்டான். பஜார்க் கடைப் பையன்கள் கொஞ்சம் பேர், அப்புறம் ஸ்கெலட்டன் லைன் என்கிற கம்பெனி வரிசை வீடுகளிலிருந்து சுரங்கக் குடும்பத்துப் பையன்கள் ஒரு பெரிய கூட்டம். சுரங்கக் குடும்பத்துப் பையன்களின் தோளைப் பார்த்தாலே தைரியம் வரும். எங்கள் கடை மாடியில் கூட்டம் போட்டார்கள். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். சோடா பாட்டில், சைக்கிள் செயின், மண்வெட்டிக் காம்பு எல்லாம் ஆளுக்கொன்றாக ஒப்புக்கொண்டார்கள். மிளகாய்ப் பொடி யோசனை என்னுடையது. நல்ல காரமான குண்டூர் மிளகாயாகப் பார்த்து வாங்கி அரைத்தேன். கல்யாணத்துக்கு அரைக்கிறாயா என்று மில்லில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் முழுவதும் எனக்குக் கல்யாண வீட்டுச் சந்தோஷம்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. காலையிலிருந்தே பஜாரில் கும்பல் கூடினால் போலீஸ் கலைத்துவிடும். ஆகவே பையன்கள் அவரவர் வீட்டிலும் டீக்கடையிலும் சும்மா இருப்பதுபோல இருக்க வேண்டும். லாரி கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். யார் வீட்டிலும் போன் கிடையாது. பட்டாசு வெடிக்கலாம் என்றான் ஒருவன். மார்கழியில் யாராவது எதற்காவது வெடித்துக்கொண்டே இருப்பார்கள் என்றான் இன்னொருவன். அப்போதுதான் அண்ணன் தன் மேதாவித்தனத்தைக் காட்டினான். பழைய இரும்புக் கடையில் கையால் சுற்றுகிற ஒரு சங்கு கிடந்தது. ஏதோ தீயணைப்புக்கு வைத்திருந்தது, துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதைத் தூக்கிவந்து, பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் போட்டு, கைப்பிடி புதிதாகச் செய்து மாட்டினான்.

"இத்த சுத்துனா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் வரைக்கும் கேக்கும்" என்றான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கு ஊதினால் கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு ஓடிவர வேண்டும். இதுதான் திட்டம். ஸ்கெலட்டன் பையன்களும் கேட்டார்கள், சரி என்றார்கள். ஊதிப் பார்த்தால் ஊர் உஷாராகிவிடும் என்று ஒத்திகை மட்டும் பார்க்கவில்லை. டிப்ளமாவில் எதைச் செய்தாலும் சோதித்துப் பார் என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது.

வியாழக்கிழமை வந்தது. பாதிக் கடைகள் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. பஜார் முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியை ஊன்றிக்கொண்டு பந்தோபஸ்து நின்றார்கள். எங்கள் கடை வாசலில் எப்போதும் உட்காருகிற கீரைக்கார அக்கா அன்றைக்கும் முளைக்கீரையும் அரைக்கீரையுமாக விரித்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கெலட்டன்காரி. புருஷன் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பகல் ஷிப்ட். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கட்டு என்ன விலை என்று கேட்டால் அடுத்த தெருவுக்கும் சேர்த்து பதில் சொல்லுவாள். "லாரி வருதாமே? வர்ட்டும். கீரைக்கும் தார் பூசுவானா?" என்று சிரித்தாள்.

அண்ணனும் நானும் மாடியில் இருந்தோம். கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சோடா பாட்டில்கள், பொட்டலம் பொட்டலமாக மிளகாய்ப் பொடி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது பெரிய ரோட்டுத் திருப்பத்தில் லாரி தெரிந்தது. மேலே கொடி, பின்னால் நிற்கிற கூட்டம், காற்றோடு கோஷம். "சுத்து" என்றேன்.

சுற்றினான். அடடா, என்ன சத்தம். முதலில் முனகி, பிறகு மெல்ல எழும்பி, ஊரையே தூக்கிவிடுகிறாற்போல ஒரு ஊளை. அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் படையைத் தேடினேன்.

மார்க்கெட் டீக்கடைக்குப் பின்னால் காத்திருந்த ஸ்கெலட்டன் பையன்கள் வெளியே வந்தார்கள். கையில் காம்பு இருந்தது. ஒரு நொடி நின்று காதைத் தீட்டினார்கள். பிறகு காம்பைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். பஜார் பக்கம் இல்லை. நேர் எதிர்ப்பக்கம்.

"எங்க போறானுங்க?" என்றான் அண்ணன், சுற்றுவதை நிறுத்தாமல்.

"தெர்ல. கேக்கலையோ இன்னவோ."

கேட்கவில்லை என்று நினைத்து அவன் இன்னும் வேகமாகச் சுற்றினான். அவன் வேகமாகச் சுற்றச் சுற்ற, அவர்கள் வேகமாக ஓடினார்கள். அவர்கள் பின்னால் பெண்கள் ஓடினார்கள். டீ மாஸ்டர் ஓடினார், என்னவோ ஏதோ என்று பஜார்க் கடைப் பையன்களும் ஓடினார்கள். தூரத்தில் லைன் வீடுகளிலிருந்து எறும்புச் சாரை போலக் கூட்டம் கிளம்பி, சுரங்க வாயிலான சாம்பியன் ரீப்ஸ் ஷாப்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குச் சுரங்கத்துச் சங்கு என்றால் கடை திறக்கிற நேரம், சாப்பாட்டு நேரம். நாங்கள் வியாபாரிகள். சுரங்கக் குடும்பங்களுக்கு அப்படி இல்லை. ஷிப்டு மாறாத நேரத்தில் சங்கு ஊதினால் கீழே பாறை சரிந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஷாப்ட் வாயிலுக்கு ஓட வேண்டும். கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே வருகிறது தன் வீட்டு ஆளா, எப்படி வருகிறான் என்று பார்க்க வேண்டும். அந்தப் பையன்கள் எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து திட்டத்தைக் கேட்டவர்கள்தான். புரிந்துதான் சரி என்றார்கள். ஆனால் சங்கு ஊதினதும் காலுக்குத் திட்டம் தெரியவில்லை.

"நிறுத்து, நிறுத்து" என்று அண்ணன் கையைப் பிடித்தேன். அவன் நிறுத்தினாலும் அந்தப் பாழாய்ப்போன சங்கு தானே கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு நன்றாகக் கிரீஸ் போட்டிருந்தான்.

நான் படியில் தடதடவென்று இறங்கினேன். கீரைக்கார அக்கா கீரையை விட்டுவிட்டு நடுரோட்டில் நின்றிருந்தாள். எதிரே லாரி வந்து நின்றது. அவள் இரண்டு கையாலும் பானெட்டை ஓங்கி அடித்தாள். "ஷாப்ட்டுக்கு வுடு. சாம்பியன் ரீப்ஸுக்கு வுடு."

இது எங்கள் ஊர் வழக்கம். சங்கு ஊதிவிட்டால் ரோட்டில் எந்த வண்டி போனாலும் அது ஷாப்டுக்குப் போகிற வண்டி. ஆபீசர் காரோ தண்ணி வண்டியோ, மறித்து ஏறிக்கொள்வார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. லாரி டிரைவர் பக்கத்து ஊரான பூதிகோட்டைக்காரர். தினமும் தக்காளி கொண்டுவந்து இதே பஜாரில் இறக்குகிறவர். அன்றைக்கு வாடகைக்கு வந்திருந்தார். பின்னால் இருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார்.

பெண்கள் பின்பக்கமாகத் தொற்றினார்கள். தார் பூச வந்தவர்கள் என்ன ஏது என்று புரியாமலே கையை நீட்டி ஒவ்வொருத்தியாக இழுத்து மேலே ஏற்றினார்கள். பந்தோபஸ்து போலீஸ்காரர்களில் ஒருவர் கூட்டத்தோடு ஓடிவிட்டார். இன்னொருவருக்கு மாமனார் சுரங்கத்தில். அவர் லத்தியோடு ஏறினார். லத்தியை வாங்கி வைத்துக்கொண்டவனே கோஷம் போட்ட பையன்களில் ஒருவன்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏறு பாப்பா" என்று இழுத்தாள். நானும் ஏறிவிட்டேன். இடுப்பில் மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தோடு, யார் கண்ணில் தூவ அரைத்தேனோ அவர்கள் நடுவில் நின்றேன்.

லாரி பறந்தது. தார் டின்கள் உருண்டன. தார்ப்பாய்க்கு அடியில் இரும்புக் கம்பிகள் கடகடவென்றன. என் காலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வெறும் தார் பூச வரவில்லை இவர்கள். கேபினுக்குப் பின்னால் கொடி பிடித்து நின்றவன் தலைவன்போல இருந்தான். என் அண்ணன் வயதுதான் இருக்கும், கழுத்தில் ஒரு துண்டு. "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அந்த லாரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா என் கையை நசுக்கிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டுக் கதறினாள். அவள் காதில் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் ரகசியம் பேச ஒரு மொழி கிடையாது. தமிழில் சொன்னால் கொடி பிடித்தவனுக்கும் புரியும், கன்னடத்தில் சொன்னால் லாரி முழுக்கப் புரியும், தெலுங்கில் சொன்னால் டிரைவருக்கே புரியும். இருந்தாலும், "ஒண்ணும் ஆவலக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றேன்.

"உன் வாய்க்குச் சக்கரை போட்ணும்டி" என்று இன்னும் பலமாக அழுதாள்.

உரக்கக் கத்தியிருக்கலாம். கத்தினால் அந்த நிமிடமே லாரி திரும்பும். பஜாரில் படையும் இல்லை, போலீசும் இல்லை. மாடியில் என் அண்ணன் ஒற்றை ஆளாக, சோடா பாட்டில்களோடு. கம்பிகள் காலடியில் கடகடத்தன. நான் வாயை மூடிக்கொண்டேன். இதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை.

ஷாப்ட் வாயிலில் ஊரே இருந்தது. கேட்டுக்குள் நின்ற டைம்கீப்பர், நாங்கள் சங்கே ஊதவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. விபத்து நடந்தால் முதலில் அப்படித்தானே சொல்லுவார்கள். கதவைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் அவர் கீழே சுரங்கத்துக்குள் போன் போட்டு, ஆட்களை மேலே அனுப்பச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் மாதிரி ஒரு அமைதியை நான் அப்புறம் எங்கும் கேட்டதில்லை. அத்தனை பேரும் சக்கரத்தில் ஓடுகிற இரும்புக் கயிற்றையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த நானும் அதையேதான் பார்த்தேன். கொடிக்காரன் கொடியை எங்கே விட்டானோ, ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்து நின்றான்.

கேஜ் வந்தது. கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவர் கீரைக்கார அக்காவின் புருஷன். தலையில் விளக்கு, கையில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ். கூட்டத்தைப் பார்த்து, "இன்னாங்கடா இது, எவன் செத்தான்?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? திருவிழாவில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கேஜ் வரும்போதும் ஓ என்று ஒரு கூச்சல். கட்டிப்பிடிக்கிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். அக்கா புருஷனை முதுகில் நாலு சாத்து சாத்தி, கன்னத்தைத் தடவி, மறுபடி சாத்தினாள். தார் பூச வந்தவர்களில் மீசைகூட முளைக்காத ஒருவன், யாரென்றே தெரியாத ஒரு தொழிலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே அழுதான். டீ மாஸ்டர், கடையைப் பூட்டாமல் வந்தது நினைவுக்கு வந்து, போனது போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண்ணீர் கொட்டியது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அண்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். வேர்த்து விறுவிறுத்து, முகம் வெளிறி. பேசாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? நான் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி நின்று, "சங்கு ஊதுனது நான்தான். மன்னிச்சிருங்க. கீழ ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டான்.

முதல் அறை கீரைக்கார அக்காவுடையது. அவள் குரலுக்கு ஏற்ற கை. அப்புறம் யார் யார் கை என்று தெரியவில்லை. செருப்பு, துடைப்பம், ஒரு டிபன் மூடி. எங்கள் படையே கையை முறுக்கிக்கொண்டு வந்தது. அவர்களுடைய அம்மாக்களை அல்லவா அவன் ஓடவிட்டிருக்கிறான். தமிழனை அடிக்க வருகிறவனைத் தடுக்கக் கிளம்பின என் அண்ணன், தமிழன் கையால் அடி வாங்கி மண்ணில் உருண்டான். நான் உள்ளே புகப் பார்த்தேன், முடியவில்லை.

"பிடி, பிடி, சாய்த்தானே" என்று ஒரு குரல் கேட்டது. கன்னடத்தில் விடு, செத்துவிடுவான் என்று அர்த்தம். கொடிக்காரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் என் அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கி, நடுவில் தன் முதுகைக் கொடுத்து, லாரியில் தள்ளினான். முதுகில் அவனுக்கும் ரெண்டு விழுந்தது. நானும் ஓடித் தொற்றிக்கொண்டேன். அவனுடைய ஆட்களும் தாவி ஏற, டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அண்ணன் தார் டின்னில் சாய்ந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொடிக்காரன் தன் கழுத்துத் துண்டைக் கொடுத்து, எதற்கு ஊதினாய் என்று கன்னடத்தில் கேட்டான். அண்ணன் ஏதாவது பொய் சொல்லுவான் என்று பார்த்தேன். அடிபட்டதில் அவனுக்குப் பொய் வரவில்லைபோல.

"நிம்மன்ன ஹொடியோக்கே" என்றான். உங்களை அடிக்கத்தான்.

என் கை தானாக இடுப்புப் பொட்டலத்துக்குப் போயிற்று. கொடிக்காரன் அவனையே பார்த்தான். பின்னால் யாரோ ஒருவன் க்ளுக்கென்று சிரித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. இன்னொருவனுக்குத் தொற்றியது. கடைசியில் லாரியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என் அண்ணன் வீங்கின உதட்டோடு, ஐயோ வலிக்கிறதே என்று முனகிக்கொண்டே சிரித்தான். கொடிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "நாவூ அதக்கே பந்தித்வி" என்று மெதுவாகச் சொன்னான். நாங்களும் அதற்குத்தான் வந்தோம்.

அதோடு எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எங்களை பஜாரில் இறக்கிவிட்டு, போகிற போக்கில் முனைக் கடைகள் சிலவற்றின் பலகையில் அவசர அவசரமாகத் தார் பூசிவிட்டுத்தான் போனார்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதுபோலப் பூசினார்கள். தார்ப்பாயை விலக்கவில்லை. எங்கள் கடைக்கு முன்னால் டின்னோடு வந்தவன் வெறும் சுவரைப் பார்த்துக் குழம்பி நின்றான். நைனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பலகை பெயிண்டுக்குப் போயிருக்கிறது என்று கன்னடத்தில் பவ்யமாகச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே.

அதே வாரம் வேறு ஊர்களில் வேறு லாரிகள் போயின. அங்கே சங்கு ஊதவில்லை. அங்கே நடந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் அடிக்கவே கூடாது என்று நைனா ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வீடு எரிகிறவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள் என்பேன். அவர் சொல்லமாட்டார், நானும் விடமாட்டேன், சோறு ஆறும். ஆனால் யாரை அடிப்பது என்று மேலிருந்து பார்த்து முடிவு செய்கிற பேச்சாளர்களுக்கு மட்டும் அப்புறம் நான் கைதட்டவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா மஞ்சள் அரைத்து அண்ணன் முகமெல்லாம் பூசிவிட்டாள். கேஸ் ஒன்றும் விழவில்லை. விசாரிக்க வேண்டிய போலீஸ்காரரே எங்களோடு லாரியில் வந்தவர். அதை எப்படி எழுதுவார்? வீட்டில் எல்லோருக்கும் குஷி. நைனா தன் கையால் பஜ்ஜி போட்டார். அண்ணன் கண்ணாடியில் தன் மஞ்சள் முகத்தைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி கீறேன் இல்ல என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அம்மா உள்ளே போனதும், நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஆமா, நம்ம பசங்க ஒழுங்கா பஜாருக்கே வந்திருந்தா, நீ நெஜமாவே அட்ச்சிருப்பியா?"

அவன் கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"லாரி திரும்பறப்பவே ஒருத்தனைப் பாத்து வெச்சிட்டேன். முன்னால கொடி புட்ச்சினு நின்னான் பாரு, அவன். கழுத்துல துண்டு. சோடா பாட்டில் அவன் மண்டைக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன்."

அவன் பஜ்ஜியைக் கையில் எடுத்து, தின்னாமல் திருப்பித் தட்டில் வைத்தான்.

"என் எறி தப்பாதுன்னு உனக்கே தெரியும்" என்றான்.

தெரியும். ஊர்க் கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து ஸ்டம்பைச் சாய்க்கிறவன் அவன். அவன் எறிந்து தப்பி நான் பார்த்ததே இல்லை.